பச்சைக் கோடு நின்ற இடம்

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு திறப்பு விழா. இயற்பியல் துறையின் இருட்டறையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஏ.சி. போட்டு வரிசையாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். இனி ஒளியியல் செய்முறை எல்லாம் திரையில்தான். மவுஸை அமுக்கினால் விளக்கு எரியும், இன்னொரு தடவை அமுக்கினால் டெலஸ்கோப் நகரும், பச்சைக் கோடு சமர்த்தாக வந்து அதன் நடுவில் தெரியும் குறுக்குக் கம்பியில் நிற்கும். ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். ரிப்பன் வெட்டியவர் மைக்கைப் பிடித்து, "இனிமே நம்ம பிள்ளைங்க ஒருத்தருக்கும் ரீடிங் தப்பா வராதுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழா முடிந்ததும் இளைய ஆசிரியைகள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து, "மேம், பழைய லேப் பத்தி காலேஜ் மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க, ஜாலியா" என்று கேட்டார்கள். ஜாலியாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை. தப்பாக வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு ரீடிங் பற்றி எழுதுகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போடட்டும்.

எம்.எஸ்சி. முடித்த கையோடு அந்தக் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். பாடம் எடுக்கப் பலர் இருந்தார்கள். இருட்டறைக்குப் போக யாருக்கும் பிடிக்காது. காற்று வராது, கொசு பிடுங்கும். அதனால் அது என் தலையில் விழுந்தது. எனக்கோ அதுதான் பிடித்திருந்தது.

இயற்பியல் படிக்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஒளி நேர்கோட்டில் போகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். மிகக் குறுகலான ஒரு பிளவின் வழியே விட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் விரிந்துகொண்டு வரும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிளவு இருந்தால், இரண்டிலிருந்தும் வரும் அலைகள் ஒன்றோடொன்று கலக்கும். மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் வெளிச்சம் கூடும். மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு இருட்டாகிவிடும். வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் இருட்டு என்று சொன்னால் எந்த வகுப்பும் நம்பாது. நம்பச் சொல்லி நான் கெஞ்சவும் மாட்டேன். ஒரு கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் காட்டிக் கருப்பாக்கி, இரண்டு பிளேடைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீறிக் கையில் கொடுப்பேன். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தூரத்து பல்பைப் பார்த்ததும், வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரிவரியாகத் தெரியும். "அய்யோ மேம்!" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

கிரேட்டிங் என்பது அதன் பெரியண்ணன். ஒரு சின்னக் கண்ணாடியில் இரண்டு கோடு இல்லை, ஆயிரக்கணக்கில் கோடுகள். எங்களிடம் இருந்ததில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஆறு லட்சம் கோடு என்ற கணக்கில் கீறியிருந்தது. அதன் வழியே பாதரச விளக்கின் ஒளியை அனுப்பினால் ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் என்று தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கான கோணத்தில் போய் நிற்கும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் நிறங்கள் தள்ளி நிற்கும், கோடுகள் இடைவெளி விட்டு இருந்தால் நிறங்கள் கிட்டே நிற்கும். எங்கள் கிரேட்டிங்கில் பச்சை பத்தொன்பது டிகிரியில் நிற்கும்.

பார்ப்பதற்குச் சுலபம், பார்க்கும்படி வைப்பதுதான் கஷ்டம். முதலில் இருட்டறையின் கருப்புத் திரையை விலக்கி, டெலஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பித் தூரத்துத் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரியும்வரை சரிசெய்ய வேண்டும். பிறகு பிளவைக் குறுக்கி, ரசமட்டம் வைத்து, கிரேட்டிங் நிற்கும் சின்ன மேடையைச் சமப்படுத்தி, ஒளி கிரேட்டிங்கின் மேல் நேர்குத்தாக விழும்படி வைக்க வேண்டும். அதில் அரை டிகிரி சாய்ந்தாலும் இடது பக்கம் ஒரு கோணம், வலது பக்கம் வேறு கோணம் என்று வந்து நிற்கும். இரண்டு பக்கமும் பச்சைக் கோட்டைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தி, கோணம் காட்டும் வெர்னியர் அளவுகோலை லென்ஸை வைத்துப் படிக்க வேண்டும். பச்சையின் அலைநீளம் நமக்கு ஏற்கெனவே தெரியும். அதை வைத்து முதலில் கோடுகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடித்து, அப்புறம் அந்த எண்ணிக்கையை வைத்து மற்ற நிறங்களின் அலைநீளத்தைக் கண்டுபிடிப்பது. செய்முறை அவ்வளவுதான். கிரேட்டிங்கை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. துடைக்கவே கூடாது. அந்தக் கோடுகள் மெல்லிய படலத்தில் பதிந்தவை, ஒரு துடைப்பில் போய்விடும்.

இந்தச் சிரமம் எதற்கு என்று பிள்ளைகள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் 'குக்' பண்ணுவது. விடை ஆறு லட்சம் என்று சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். ஆறு லட்சம் வர வேண்டுமென்றால் கோணம் பத்தொன்பது. அதற்கேற்ற மாதிரி இடது ரீடிங், வலது ரீடிங் இரண்டையும் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதிவிடுவது. எழுதுகிறவர்களைவிட, அதைப் பார்த்து டிக் அடிக்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். எல்லாக் கல்லூரியிலும் இந்தச் சமையல் நடக்கிறது, எல்லா ஆசிரியருக்கும் தெரியும். வாசனை தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் துறைத் தலைவர் தண்டபாணி சார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மாணவிகளைக் 'கண்ணு' என்பார். எங்களுக்கு எழுந்து நாற்காலி இழுத்துப் போடுவார். முடியாது என்று சொல்லவே மாட்டார். "பாத்துக்கலாமுங்க மேடம்" என்பார். அந்தப் 'பாத்துக்கலாமுங்க'வுக்குள் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. மரியாதைக்கு எங்கள் ஊரில் எப்போதும் பஞ்சமில்லை. கழுத்தை அறுத்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

அந்த வருடம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. வந்தவர்களுக்கு இருட்டறையைக் காட்டும்போது கிரேட்டிங்கில் தூசி தெரிந்ததாம். தண்டபாணி சார் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துப் பளிச்சென்று துடைத்துவிட்டார். கதை முடிந்தது. இருப்புப் பதிவேட்டில் 'உடைந்துவிட்டது' என்று எழுதினால் யார், எப்படி, எதற்கு என்று கேள்வி வரும். வருடாந்திரச் சரிபார்ப்புக்கு வருகிறவர்கள் பொருளைப் பார்க்க மாட்டார்கள், அதன் சட்டத்தில் பெயிண்டில் எழுதிய எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஆகவே அவர் காந்திபுரத்தில் ஒரு கடையில் புதுக் கிரேட்டிங் வாங்கி, பழைய சட்டத்துக்குள் பொருத்தி, 'ஆறு லட்சம்' என்று ஒட்டியிருந்த பழைய சீட்டையும் அப்படியே விட்டுவிட்டார். புதுசு ஐந்து லட்சம் கோடு. படிப்பு விடுமுறையில் நடந்த காரியம் இது, எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது.

விடுமுறை முடிந்ததும் செய்முறைத் தேர்வு. நான் உள்தேர்வாளர். வெளித்தேர்வாளராக ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். எக்ஸ்டர்னல் வருகிறார் என்றால் எங்கள் துறைக்குப் புது மாப்பிள்ளை வருகிற மாதிரி. காலையில் இட்லி வடை, பதினோரு மணிக்கு இளநீர், மத்தியானம் வாழை இலையில் முழுச் சாப்பாடு, கிளம்பும்போது மைசூர்பாக்கு டப்பா. எந்தச் செய்முறை யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கி எடுப்பது. ஒவ்வொரு பிரிவிலும் ஒருத்திக்குக் கிரேட்டிங் விழும். முதல் ஐந்து பிரிவில் அதை எடுத்த ஐந்து பேரும் ஆறு லட்சம் என்று எழுதினார்கள். ஐந்து பேருக்கும் அவர் டிக் போட்டார். ஒரு தடவைகூட இருட்டறைக்குள் தலையை நீட்டவில்லை.

கடைசிப் பிரிவில் சீட்டு பூங்கொடிக்கு விழுந்தது. அவள் கோபிசெட்டிபாளையத்துப் பெண். அப்பா அங்கே வாழைத்தார் மண்டியில் எடை போடுகிறவர். எம்.எஸ்சி. படிக்க வேண்டும், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் படிக்க வைக்க முடியும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். செய்முறை மதிப்பெண்ணும் அதற்குச் சேரும். வகுப்பில் எல்லோரும் போன பிறகும் டெலஸ்கோப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாள். லேப் உதவியாளர் மாணிக்கம் சாவியை ஆட்டிக் காட்டினால்தான் கிளம்புவாள்.

தேர்வு நடக்கும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"மேம், பச்சை பத்தொம்பதுல இல்லீங்க. பதினாறுகிட்ட நிக்குதுங்க. முதல்ல இருந்து திருப்பித் திருப்பி செட் பண்ணிப்போட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வருதுங்க."

தேர்வில் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. "பாத்தத எழுதும்மா. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். அவள் எழுதினாள். ஐந்து லட்சம். அந்த ஐந்து லட்சத்தை வைத்து ஊதா, நீலம், மஞ்சள் எல்லாவற்றுக்கும் அலைநீளம் கண்டுபிடித்திருந்தாள். எல்லாம் கச்சிதம்.

அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்த ஐந்து பேரும் அதே பச்சைக் கோட்டைப் பதினாறில்தானே பார்த்திருப்பார்கள்? பார்த்துவிட்டு, நம் கண்ணில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, பத்தொன்பது என்று எழுதிவிட்டார்கள். பதினைந்து வருடம் படிக்க வைத்து அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

எக்ஸ்டர்னல் தாளைப் பார்த்தார். இலை போட்டாகிவிட்டது, தெளிக்கக் கையில் தண்ணீர்.

"ஏனுங்க மேடம், இந்தப் பொண்ணு என்னங்க அஞ்சு லட்சம்னு எழுதியிருக்குது? ஆறு இல்லீங்களா?"

"மத்த நிறத்தோட அலைநீளம் எல்லாம் சரியா வந்திருக்கு பாருங்க சார். எண்ணிக்கை தப்புன்னா அது எப்படிச் சரியா வரும்?"

"அதத்தானுங்க நானும் சொல்றேன். கோணம் தப்பு, அலைநீளம் மட்டும் சரின்னா அது எங்கிருந்தோ பாத்து எழுதுனதுதானுங்களே. மால்பிராக்டிஸ்ல வருமுங்க."

நான் ஆடிப்போனேன். குக் பண்ணின ஐந்து பேருக்கு டிக், பண்ணாத ஒருத்திக்கு மால்பிராக்டிஸ்! அந்தப் படிவம் பல்கலைக்கழகத்துக்குப் போனால் தேர்வு ரத்து, ஒரு வருடம் போச்சு, பெயரும் கெட்டுப்போகும். பூங்கொடி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், கிரேட்டிங் இன்னும் மேடையிலதான் இருக்கு. ஒரு தடவை கண்ணை வச்சுப் பாத்துடுங்க" என்றேன்.

"வெளக்கு அணைச்சாச்சுங்களே. சூடாறி மறுபடி பிடிக்க நேரமாகுமுங்க. ரசம் ஆறிடும்." உட்கார்ந்துவிட்டார்.

தண்டபாணி சார் என் கையைப் பிடிக்காத குறையாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "பெருசு பண்ணாதீங்க மேடம். அது பழசு இல்லீங்க. விடுமுறைல மாத்திப்போட்டேன். ஒரு சின்ன விசயம்" என்று, கர்ச்சீப்பால் துடைத்ததிலிருந்து எல்லாவற்றையும் மெதுவான குரலில் சொன்னார்.

அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று இவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டு, அவளைத் திருடி என்கிறபோது பக்கத்தில் நின்று இலைக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப போய்ச் சொல்லுங்க சார்!"

"சொன்னா அந்த அஞ்சு பேரு கதி என்னாகறதுங்க? டிபார்ட்மெண்ட் ரிசல்ட்? நான் பேசிச் சரி பண்றனுங்க." பூங்கொடியைக் கூப்பிட்டார். "இங்க வா கண்ணு. கால்குலேட்டர்ல தப்பாத் தட்டிப்போட்டேன்னு ஒரு வரி எழுதி, ஆறு லட்சம்னு மாத்திக் குடுத்துரு. பாஸ் ஆயிருவே. அவ்வளவுதான்."

"தப்பாத் தட்டலீங்களே சார்."

"தெரியுதும்மா. சும்மா ஒரு வரிதான."

அவள் இருட்டறைக் கதவைக் கையால் காட்டினாள். பிறகு சொன்னாள்: "எழுதித் தாரேனுங்க சார். நீங்க ஒருக்கா டெலஸ்கோப்புல பாத்துப்போட்டு, பச்சை பத்தொம்பதுலதான் நிக்குதுன்னு சொல்லுங்க. சொன்னீங்கன்னா இப்பவே எழுதித் தாரேன்."

அத்தனை 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். தண்டபாணி சாருக்கு முதல் தடவையாகப் 'பாத்துக்கலாமுங்க' வரவில்லை.

நான் உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கிரேட்டிங் மாற்றிய விஷயத்தைப் போட்டு உடைத்தேன். சத்தமாகத்தான். அவர் பாயசத்தை நிறுத்திவிட்டு தண்டபாணி சாரைப் பார்த்தார். இவர் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பெண் எழுதியது சரி என்றால், தான் டிக் போட்ட ஐந்தும் பொய் என்று எக்ஸ்டர்னலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் மனிதர் சீக்கிரம் தேறிக்கொண்டார்.

"அட, இருக்கட்டுமுங்க. சட்டத்துல ஆறுன்னுதான ஒட்டியிருக்குது? நாம சீட்டைத்தான் நம்பணும். எல்லாத்துக்கும் நல்லபடியா முடிச்சுக்கலாமுங்க."

"மால்பிராக்டிஸ் படிவத்தைக் கிழிக்காம நான் மார்க் ஷீட்ல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். என் கையெழுத்து இல்லாவிட்டால் யாருடைய மதிப்பெண்ணும் போகாது. கிழித்தார். ஆனால் மதிப்பெண்ணில் பாதி அவர் கையில். நான் என் பாதியை முழுசாகப் போட்டேன். அவர் தன் பாதியில், 'விடை திட்ட மதிப்பிலிருந்து விலகியுள்ளது' என்று எழுதி, பாஸுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போட்டார். மற்ற ஐந்து பேருக்கும் விடைக்கு முழு மதிப்பெண். மைசூர்பாக்கு டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். கடைசிவரை டெலஸ்கோப்பில் கண் வைக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். துறைத் தலைவர் வழியாக அனுப்ப வேண்டும் என்று திருப்பினார்கள். துறைத் தலைவர் "பாத்துக்கலாமுங்க" என்றார். பூங்கொடிக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. கொஞ்சம் மதிப்பெண்ணில் தட்டிப்போனது. தனியார் கல்லூரியில் கட்ட அவள் அப்பாவால் முடியவில்லை.

அடுத்த வருடம் என்னை உள்தேர்வாளர் வேலையிலிருந்து மெல்லத் தூக்கிவிட்டு, தண்டபாணி சாரே உட்கார்ந்தார். அதே எக்ஸ்டர்னல். இந்தத் தடவை கிரேட்டிங் எடுத்த அத்தனை பேரும் ஐந்து லட்சம் என்று எழுதினார்கள். அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண். பரவாயில்லை, திருந்தி உண்மையான எண்ணுக்கு வந்துவிட்டார்களே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தேர்வு முடிந்த சாயந்திரம் இருட்டறைக்குப் போய்ப் பாதரச விளக்கின் ஸ்விட்சைப் போட்டேன். எரியவில்லை.

"போன வாரமே போயிருச்சுங்க மேடம்" என்றார் மாணிக்கம். "சார்கிட்ட சொன்னனுங்க. எக்ஸாம் முடியட்டும், புதுசு வாங்கிக்கலாம்னாருங்க."

விளக்கே எரியாத அறையில் பிள்ளைகள் பச்சை, மஞ்சள், ஊதா எல்லாவற்றுக்கும் ரீடிங் எடுத்திருக்கிறார்கள். இடது பக்கம், வலது பக்கம், வெர்னியர் எல்லாம் சுத்தம். துறைத் தலைவர் அறைக்குப் போய்க் கத்தினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம். ரிசல்ட் நூறு பர்சென்ட்டுங்க" என்றார்.

அந்தத் தீபாவளிக்குக் காந்திபுரத்தில் துணி எடுக்கப் போனபோது பில் போடும் இடத்தில் பூங்கொடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். பின்னால் வரிசை நின்றது. என்ன பேசுவதென்று தெரியாமல், "உன் ஜூனியர்ஸ் எல்லாரும் இந்த வருசம் அஞ்சு லட்சம்னுதான் எழுதினாங்க" என்றேன்.

அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. "அப்படீங்களா மேம்! எல்லாரும் பாத்தாங்களா? பச்சை நல்லாத் தெரிஞ்சுதுங்களா?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "லைட்டே எரியலம்மா" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

பில்லைக் கிழித்துப் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"அப்ப அன்னைக்கு அந்த சார் என்னைத் திட்டுனதுல தப்பில்லீங்க மேம்," என்றாள். "டெலஸ்கோப்புல பாத்து எழுதறவங்கள அவர் பாத்ததே இல்லியாட்டமிருக்குது."

தப்பில்லை என்கிறாள்! அந்த ஒரு வார்த்தைக்காகவாவது அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.